காலும் வீசமும்

சில மாதங்களுக்கு முன் ஒருவர் வந்தார். உட்கார்ந்ததும் கைபேசியை என் மேசையில் வைத்து ஒரு பட்டியலைக் காட்டினார். அதிகாலை நாலரைக்கு எழுவது, செம்புச் சொம்புத் தண்ணீர், நாக்கு வழிப்பது, எண்ணெய் கொப்பளிப்பது, மூக்கில் நெய் விடுவது, உடம்பெல்லாம் எண்ணெய், வெந்நீரில் தேன் என்று நீண்டது. மொத்தம் 14. எல்லாம் இணையத்தில் பார்த்துச் சேகரித்தவை. அவருக்கு வேலை முடிந்து படுக்கவே இரவு ஒன்றரை ஆகும். ஒன்பது நாள் தாக்குப்பிடித்திருக்கிறார். பத்தாம் நாள் தலைவலி, மலச்சிக்கல், வீட்டில் எல்லோரிடமும் சிடுசிடுப்பு. "ஆயுர்வேதம் எனக்கு ஒத்துக்காது போல டாக்டர்" என்றார்.

மூன்று மணி நேரம் தூங்கினால் யாருக்குத்தான் எதுதான் ஒத்துக்கொள்ளும்?

அவர் பட்டியலின் முதல் வரி அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலிலிருந்து வந்ததுதான். அதன் தினசரி ஒழுக்க அத்தியாயம் பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆனால் யாரை எழச் சொல்கிறது என்று பாருங்கள்: 'ஸ்வஸ்தன்', அதாவது ஆரோக்கியமாக இருப்பவனை. இதே இடத்தில் அஷ்டாங்க சங்கிரகம் என்ற மற்றொரு நூல் இன்னொன்றும் சேர்க்கிறது: முந்தைய உணவு செரித்ததா இல்லையா என்று பார்த்து எழ வேண்டும். இரவு பதினொன்றுக்குச் சாப்பிட்டு ஒன்றரைக்குப் படுப்பவருக்கு நாலரை மணி எழுச்சி ஒரு தண்டனை, அவ்வளவுதான்.

நான் அதிகம் எடுத்துச் சொல்லும் சுலோகம் அஷ்டாங்க ஹிருதயத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஏனோ யாரும் இதைக் காணொளியாகப் போடுவதில்லை. பழகிப்போன கெட்ட வழக்கத்தைக் கால் பங்காக விடு, முடியாவிட்டால் அந்தக் காலிலும் காலாக விடு என்கிறார் நூலாசிரியர் வாக்பட்டர். காலில் கால் என்றால் நம் பழைய கணக்கில் வீசம், பதினாறில் ஒன்று. நல்ல பழக்கத்தையும் இப்படியே ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் இடைவெளி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார். தடாலடியாக விட்டாலும் பிடித்தாலும் அதுவே நோயாகும் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது.

அதனால் அவருடைய 14 வேலைகளையும் நிறுத்தச் சொன்னேன். ஒன்றரை மணிப் படுக்கையை ஒன்றேகால் ஆக்குங்கள், இந்த வாரத்துக்கு அது போதும் என்றேன். மனிதர் முகத்தில் ஏமாற்றம். வைத்தியரிடம் வந்தால் கசாயமாவது கிடைக்கும் என்று நினைத்திருப்பார்.

இரவுப் பணி பார்ப்பவர்கள் கேட்பது வேறு கேள்வி. "எங்களுக்கெல்லாம் ஆயுர்வேதத்தில் இடமே இல்லையா?" இருக்கிறது. இரவு கண்விழிக்க நேர்ந்தால், விழித்த நேரத்தில் பாதியளவு மறுநாள் காலையில், சாப்பிடுவதற்கு முன்பே தூங்க வேண்டும் என்று நூல் சொல்கிறது. என்னிடம் வரும் செவிலியர் ஒருவர் பணி முடிந்து வீட்டுக்குப் போனதும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் படுப்பார். நெஞ்செரிச்சல் தீரவே இல்லை. வரிசையை மட்டும் மாற்றினோம்: முதலில் தூக்கம், எழுந்த பிறகு சாப்பாடு. பசி தாங்காத நாளில் மட்டும் கொஞ்சம் கஞ்சி. இரண்டு மூன்று வாரத்தில் எரிச்சல் நன்றாகக் குறைந்தது. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. வெறும் வயிற்றில் தூங்கும்போது சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

காசே செலவில்லாத இன்னொன்று, அடக்கக் கூடாத வேகங்கள். சிறுநீர், மலம், தும்மல், தாகம், பசி, தூக்கம், கொட்டாவி, கண்ணீர் என்று 13 இயற்கை உந்துதல்களை நூல் வரிசைப்படுத்துகிறது. இன்றைய அலுவலக வாழ்க்கையே இவற்றை அடக்கி நடப்பதுதான். ஓர் ஆசிரியைக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று. விசாரித்தால், கழிப்பறைக்குப் போக நேராமல் இருப்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றார். தாகத்தையும் அடக்கி, சிறுநீரையும் அடக்கி, அப்புறம் சூரணம் கேட்டால் நான் என்ன கொடுப்பது? கூட்டத்தின் நடுவே எழுந்து போவது அவமரியாதை என்ற நினைப்பை விட்டாலே பாதி வைத்தியம் முடிந்தது.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தினமும் உடம்பு முழுக்கத் தேய்த்து ஊறிக் குளிக்க யாருக்கு நேரம்? நூலே வழி சொல்கிறது: தலை, காது, பாதம் இந்த மூன்றுக்கும் குறிப்பாகத் தேய்க்க வேண்டும். நான் பாதத்தில் தொடங்கச் சொல்வேன். இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம், வெதுவெதுப்பான நல்லெண்ணெய். துடைத்துவிட்டு நடங்கள், வழுக்கி விழுந்து வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். சளி கட்டியிருக்கும்போதும் அஜீரணத்தின்போதும் எண்ணெய் வேண்டாம் என்பதும் நூலிலேயே உள்ளது. காதுக்கு வெளியே தடவினால் போதும். செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் உள்ளே ஊற்றுவது வம்பு. குளிக்கும்போது வெந்நீர் கழுத்துக்குக் கீழேதான். தலைக்கு ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் கெடுதல் என்கிறார்கள்.

வெந்நீரில் தேன் கலந்து குடிப்பதை ஆயுர்வேதம் என்று நம்புபவர்கள் ஏராளம். தேனைச் சூட்டோடு சேர்க்கவே கூடாது என்பதுதான் நூல்களின் நிலைப்பாடு. உடற்பயிற்சியிலும் இப்படித்தான், வியர்த்து விழும்வரை செய்தால்தான் திருப்தி. பாதி பலத்தோடு நிறுத்து என்கிறது ஆயுர்வேதம். வாயால் மூச்சு வாங்கத் தொடங்குவதுதான் அந்தப் பாதியின் அடையாளம் என்று பழங்கால ஆயுர்வேத ஆசான் சுஸ்ருதர் குறிக்கிறார்.

இதுவரை சொன்னவை பழக்கங்கள். மருந்து விஷயம் வேறு. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அஸ்வகந்தா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வேறு மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை எங்களிடம் மறைக்காதீர்கள், நாங்கள் கொடுப்பதை அவர்களிடமும் மறைக்காதீர்கள். புட்டியில் உரிம எண் இல்லாத பொடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒன்றேகாலில் தொடங்கியவர் போன வாரம் வந்திருந்தார். இப்போது பதினொன்றே முக்காலுக்குப் படுத்துவிடுகிறாராம், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குள் வந்துவிட்டது. தலைவலி இல்லை. கிளம்பும்போது கதவருகே நின்று, "பழைய லிஸ்ட்ல இருந்து ஒண்ணாவது சேர்த்துக்கலாமா?" என்று கேட்டார். நாக்கு வழித்துக்கொள்ளுங்கள் என்றேன்.