ஆறு மாடிக் கல்வீடு எப்படி நிற்கிறது?

எடின்பரோ கோட்டையிலிருந்து கிழக்கே இறங்கும் பழைய வீதியில், லான்மார்க்கெட் பகுதியில், கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட் என்ற கல்வீடு இருக்கிறது. 1550 வாக்கில் கட்டியது. 1617-இல் தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ் என்ற வணிகரும் அவர் மனைவி பெஸ்ஸி கனிங்ஹாமும் இதை வாங்கி, வீதிப் பக்கமாக இழுத்துப் பெரிதாக்கினார்கள். பல குடித்தனங்கள் இருக்கும் அடுக்கு வீட்டை ஸ்காட்லாந்தில் 'லேண்ட்' என்பார்கள். முகப்பில் தங்க முலாம் பூசிய பருந்து ஒன்று தொங்குகிறது. 'கிளெட்' என்றால் ஸ்காட்ஸ் மொழியில் பருந்துதான்.

ஆறு மாடி. இரும்புக் கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. அந்தக் காலத்தில் இவ்வளவு உயரம் எதற்கு?

பதில் பூமிக்குள் இருக்கிறது. கோட்டை நிற்கும் பாறை, அணைந்துபோன எரிமலையின் குழாயில் உறைந்த கடினக் கல். பனியுகத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் இதில் மோதி இரண்டாகப் பிரிந்தது. பாறைக்குப் பின்னால் இருந்த மெல்லிய கல் மட்டும் அரிபடாமல் ஒரு வால் போலத் தப்பியது. ஊர் அந்த வாலின் முதுகில் வளர்ந்தது. இரண்டு பக்கமும் சரிவு, ஊரைச் சுற்றி மதில். அகலமாகக் கட்ட இடமில்லை, மேலே போனார்கள்.

சரி, எடை எப்படி இறங்குகிறது? கல்லை நசுக்குவது கடினம், இழுத்தாலோ வளைத்தாலோ சுலபமாக விரிசல் விடும். அதனால் கல்லுக்கு அழுத்தம் மட்டுமே வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தரைத்தளத்தில் கடைக்காக வாசலைத் திறந்துவிட்ட இடத்தில் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். அங்கே கல் வளைவுகள் இருக்கின்றன. வளைவின் ஒவ்வொரு கல்லும் மேலே அகலம், கீழே குறுகல், ஆப்பு மாதிரி. மேலிருந்து எடை அழுத்தும்போது கீழே நழுவ வழியில்லாமல் அது பக்கத்துக் கல்லை நெருக்கும், அது அடுத்ததை. கடைசியில் எடை தூணுக்குப் போய்விடும். வளைவு பக்கவாட்டிலும் தள்ளும். இரண்டு வளைவுக்கும் நடுவிலுள்ள தூணில் இருபுறத் தள்ளலும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும்.

அறையின் அகலத்தை முடிவு செய்தது கல் அல்ல, மரம். உத்தரம் வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடும். மரம் அதைத் தாங்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். அதே கனமுள்ள உத்தரத்தின் நீளத்தை இரட்டிப்பாக்கி, அடிக்கு அடி அதே சுமையை ஏற்றினால் தொய்வு பதினாறு மடங்காகும். அதனால்தான் அந்தக் கால அறைகள் நமக்கு ஒடுக்கமாகத் தெரிகின்றன.

சுருள் படிக்கட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு படியும் ஒரே கல். ஒரு முனை சுவருக்குள் புதைந்திருக்கும், மறுமுனையை வட்டமாகச் செதுக்கியிருப்பார்கள். படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வைக்க அந்த வட்டங்களே அடுக்கி நடுத்தூணாகிவிடும். தனியாகத் தூண் நிறுத்த வேண்டியதில்லை. இவ்வளவு குறைந்த இடத்தில் இத்தனை உயரம் ஏற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஜன்னல்களும் அப்படித்தான், யோசித்துச் செய்தவை. கண்ணாடி விலை அதிகம். அதனால் மேல்பாதிக்கு மட்டும் ஈயச் சட்டத்தில் கண்ணாடி, கீழ்ப்பாதிக்கு மரக்கதவு. உயரத்திலிருந்து வரும் வெளிச்சம் அறைக்குள் ஆழமாகப் போகும். காற்று வேண்டுமென்றால் கீழ்க்கதவைத் திறந்தால் போதும்.

எனக்கு இந்தக் கட்டுமானத்தில் மிகவும் பிடித்தது கற்களுக்கு நடுவில் இருக்கும் சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதை மணலோடு குழைத்துப் பூசிய பிறகு, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மறுபடி கல்லாகும். ஆனாலும் சுவரிலுள்ள மணற்கல்லைவிட மென்மையாகவே இருக்கும், நுண்துளைகளும் நிறைய. சுவரில் ஊறிய மழைநீர் காரை வழியாகவே ஆவியாகும், வீடு சற்று அசைந்தாலும் காரை இடம் கொடுக்கும். பிற்காலத்தில் ஸ்காட்லாந்தின் பல பழைய சுவர்களைச் சிமென்ட் வைத்துப் பழுதுபார்த்தார்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தார்கள். ஈரம் வெளியேற முடியாமல் கல்லுக்குள்ளேயே தங்கியது. குளிரில் உறைந்து விரிந்தது. கல் செதில் செதிலாக உதிர்ந்தது. தேய வேண்டியது காரை, கல் அல்ல. காரையை மறுபடி பூசிக்கொள்ளலாம்.

அப்புறம் அறைக்குள் அண்ணாந்தால் தெரியும் உட்கூரை. 1620-இல் பைன் பலகைகளிலும் உத்தரங்களிலும் பூவும் பழமுமாக வண்ணம் தீட்டினார்கள். மாவுபோன்ற சுண்ணக்கட்டியும் பசையும் கலந்த வண்ணம், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். பின்னால் வந்தவர்கள் அதன் கீழே வேறு உட்கூரை போட்டு மூடிவிட்டார்கள். 1934-இல் இடிக்கவிருந்த வீட்டை ஸ்காட்லாந்தின் தேசிய அறக்கட்டளை வாங்கிக் காப்பாற்றியது. சீரமைக்கும்போது அந்த மூடியைக் கழற்றினால், புகையும் வெயிலும் படாத பழங்களும் பூக்களும் உள்ளே அப்படியே இருந்தன.