கிளாமிடியா குடும்பம்: கிளை மாறவில்லை, கோடுதான் மாறியது

கிளாமிடியா பாக்டீரியாவை ஆய்வகத்தின் அகார் தட்டில் (ஊட்டச்சத்துக் கூழ் நிரப்பிய தட்டு) வளர்க்க முடியாது. விலங்குச் செல்லுக்குள் நுழைந்தால்தான் பெருகும். செல்லுக்கு வெளியே அது சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள கெட்டியான தொற்றுத்துகள். உள்ளே போனதும் 1 மைக்ரான் அளவுக்குப் பெருத்துப் பிளவுபடும். 2, 3 நாளில் மறுபடி துகள்களாகி வெளியேறும். 1907இல் முதலில் கண்டவர்கள் இதை ஒற்றைச்செல் விலங்கு என்று நினைத்தார்கள். பிறகு வெகுகாலம் வைரஸ் பட்டியலில் கிடந்தது. பாக்டீரியாதான் என்பது 1960களில்தான் உறுதியானது.

முதல் வகைப்பாடு அயோடினை நம்பியது. தொற்றிய செல்லின் மேல் அயோடின் கரைசலை விட்டால், சிலவகைகளின் கூட்டுப்பை (செல்லுக்குள் பாக்டீரியா கூட்டமாகப் பெருகும் பை) மட்டும் பழுப்பாக மாறும். அதில் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேர்ந்திருப்பதே காரணம். பழுப்பானால் டிராக்கோமாட்டிஸ் இனம், ஆகாவிட்டால் சிட்டாசி இனம். சல்ஃபாடையசின் மருந்துக்கு அடங்குகிறதா என்பது துணைச் சோதனை. பழுப்பான பக்கம் உண்மையிலேயே ஒரே கிளை. பழுப்பாகாத பக்கம்தான் வம்பு. ஒரு பண்பு ‘இல்லை’ என்பதை வைத்து உறவு சொல்ல முடியாது. அந்தப் பெட்டியில் சேராதவை எல்லாம் சேர்ந்துவிடும். 1989இல் நிமோனியே, 1992இல் பெக்கோரம், 1999இல் அபார்ட்டஸ், ஃபெலிஸ், கேவியே என்று தனி இனங்களாக அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

இன்று உறவு பார்ப்பது டி.என்.ஏ. வரிசையில். முதல் தடை, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சுத்தமாகப் பிரிப்பது. மனிதச் செல் ஒன்றில் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகள். டிராக்கோமாட்டிஸ் மரபணுத்தொகுதியில் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு செல்லுக்குள் 500 பாக்டீரியா இருந்தாலும், மொத்த டி.என்.ஏ.வில் அவற்றின் பங்கு 8%தான். நேரடியாக வரிசை படித்தால் செலவில் பெரும்பகுதி செல்லின் டி.என்.ஏ.வுக்கே போய்விடும். அதனால் செல்லை உடைத்து, அடர்த்திப் படிநிலைக் கரைசலில் (மேலிருந்து கீழே அடர்த்தி கூடும் கரைசல்) சுழற்றித் துகள்களைப் பிரித்து, டி.என்.ஏ. சிதைக்கும் நொதியைச் சேர்ப்பார்கள். வெளியே மிதப்பதை நொதி அழிக்கும்; கெட்டி உறைக்குள் இருப்பது தப்பிக்கும். நொதியைச் செயலிழக்கச் செய்யாமல் உறையை உடைத்தால் எல்லாமே போச்சு.

அடுத்தது, எந்த மரபணுவை ஒப்பிடுவது? புறச்சவ்வுப் புரத மரபணுவான ஓம்ப்-ஏ தொற்றுவகை பிரிக்க வசதியானது. வம்சம் பார்க்க ஆபத்தானது. நோயெதிர்ப்பின் நெருக்கடியில் அது வேகமாக மாறும். ஒரே செல்லில் இரு வகைகள் தொற்றினால் துண்டுகள் கைமாறவும் செய்யும். அதை மட்டும் வைத்து வரைந்த உறவு மரம் அந்த ஒரு மரபணுவின் கதையைச் சொல்லும், பாக்டீரியாவின் கதையை அல்ல. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வின் 16எஸ் மரபணு மெதுவாக மாறுவது; நீளம் சுமார் 1,550 எழுத்துகள். 5% வேறுபாடு என்றால் 75 எழுத்துகளுக்குச் சற்று மேல். ஒரே மரபணுவின் சில பத்து எழுத்துகளில் பேரினத்தையே (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) தீர்மானிப்பது கொஞ்சம் துணிச்சல்தான்.

அந்தத் துணிச்சல்தான் 1999இல் நடந்தது. 16எஸ், இன்னொரு ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுவான 23எஸ் ஆகியவற்றின் ஒப்பீட்டை முதன்மையாகக் கொண்டு குடும்பத்தைக் கிளாமிடியா, கிளாமிடோஃபிலா என்று 2 பேரினங்களாகப் பிரித்தார்கள். டிராக்கோமாட்டிஸ், மியூரிடாரம், சூயிஸ் முதலாவதில்; மற்ற 6 இனங்கள் இரண்டாவதில். கிளை பிரிந்தது உண்மை. அது பேரினம் எனும் அளவுக்கு ஆழமா என்பதே தகராறு. முழு மரபணுத்தொகுதிகள் வந்தபின் விடை தெளிந்தது. இரு பேரினங்கள் என்றால் பொதுப் புரதங்கள் பாதிக்கும் குறைய வேண்டும் என்பது ஓர் அளவுகோல். இங்கே எந்த இரண்டை எடுத்தாலும் பாதிக்கு மேல் பொது. 2015இல் எல்லாவற்றையும் மறுபடி கிளாமிடியா என்ற ஒரே பேரினத்தில் சேர்க்க முன்மொழிந்தார்கள். பழைய அறிக்கைகளில் ‘கிளாமிடோஃபிலா சிட்டாசி’ என்று இருந்தால் அது கிளாமிடியா சிட்டாசிதான்.

எந்தக் கிளை முதலில் பிரிந்தது என்று சொல்ல, அதாவது மரத்துக்கு வேர் வைக்க, குடும்பத்துக்கு வெளியே ஓர் உறவு வேண்டும். அமீபாவுக்குள் வாழும் பாராகிளாமிடியாவும், கலைந்த மாட்டுக் கருவில் கண்ட வாட்லியாவும் அதற்குப் பயன்படுகின்றன. அவை தொலைவில் இருப்பதால் கிளை நீளம். நீண்ட கிளை வேகமாக மாறிய இன்னொரு கிளையோடு பொய்யாக ஒட்டிக்கொள்ளும். 2021இல் பூநாரைகளிலிருந்து விவரிக்கப்பட்ட கிளாமிடிஃப்ராட்டர் அதே குடும்பத்தின் இன்னொரு பேரினம். கிளாமிடியா இனங்களுக்கு வேர் வைக்க இனி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.