அப்பாவுக்கும் உண்டு 15 நாள் விடுப்பு

மத்திய அரசுப் பணியில் இருக்கும் ஆண்களுக்கு, மனைவியின் பிரசவத்துக்காக முழுச் சம்பளத்துடன் 15 நாள் விடுப்பு உண்டு. ஆபீஸில் ‘பெட்டர்னிட்டி லீவ்’ என்று சொல்வது இதைத்தான். மத்திய சிவில் பணி விடுப்பு விதிகள், 1972-இல் 43-ஏ விதியாக இருக்கிறது. உயிரோடு இருக்கும் குழந்தைகள் இரண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கிய நிபந்தனை. அப்ரண்டிஸ் பயிற்சியில் இருப்பவருக்கும் பொருந்தும்.

இந்த 15 நாளை விடுப்புக் கணக்கில் கழிக்க மாட்டார்கள். வேண்டுமானால் ஈட்டிய விடுப்பையும் சேர்த்து எடுக்கலாம். “ஆள் இல்லை, அப்புறம் பார்க்கலாம்” என்று மேலதிகாரி சொன்னால் தயங்க வேண்டாம். சாதாரணமாக இந்த விடுப்பை மறுக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

சரி, எப்போது எடுப்பது? பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, குழந்தை பிறந்து 6 மாதம் வரை. அதற்குள் எடுக்காவிட்டால் காலாவதி. பலரும் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களிலேயே எடுத்து முடித்துவிடுகிறார்கள். சிக்கலான பிரசவம் என்றால் அதுதான் சரி. ஆனால் நம் பக்கம் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில்தான். அங்கே குளிப்பாட்ட, மருந்து உரசிக் கொடுக்க, தாலாட்ட ஆள் இருக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகும் விருந்தாளி. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயும் பிள்ளையும் வீடு திரும்பும்போதுதான் உண்மையில் கை தேவைப்படுகிறது.

என் மகளுக்கு 14-வது வாரத் தடுப்பூசி போட்ட அன்று நான் விடுப்பில் இருந்தேன். ஊசி போட்ட தொடை வீங்கி, ராத்திரி முழுக்கக் காய்ச்சல். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால்தான் தூங்குவாள், உட்கார்ந்தால் அழுகை. எந்த அழுகை பசி, எந்த அழுகை வலி என்று எனக்குப் பிடிபட்டது அந்த 15 நாளில்தான். அதனால் முடிந்தவர்கள் வீடு திரும்பும் நாளைக் கணக்குப் போட்டு எடுங்கள். 6 மாதக் கெடுவை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முறைப்படி தத்தெடுத்தாலும், அந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் இதே 15 நாள் கிடைக்கும். 2024-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறும் அப்பாவுக்கும் உண்டு.

மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், மணமாகாதவர் என்று தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது: குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365-க்கு 80 சதவீதம். பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை எடுக்கலாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பு இல்லை. பரீட்சை நேரத்துக்கும் எடுக்கலாம், உடம்பு சரியில்லாதபோதும் எடுக்கலாம்.

தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு இப்படிச் சட்டம் எதுவும் இல்லை. சட்டப்படி கிடைக்கும் 26 வார மகப்பேறு விடுப்பு தாய்க்கு மட்டும்தான். கம்பெனி தானாகக் கொடுத்தால் உண்டு. வேலையில் சேரும்போது கொடுத்த விடுப்பு விதிகளை எடுத்துப் பாருங்கள். அதில் ஐந்தே நாள் இருந்தாலும் விடாமல் எழுதிக் கொடுங்கள்.