ஊதிக் காட்டினால் வயிற்றுக் கிருமி தெரியுமா?

எண்டோஸ்கோப்பி செய்யாமல், ஒரு பைக்குள் ஊதச் சொல்லியே அல்சர் கிருமியைக் கண்டுபிடிக்கிறார்களாமே, எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. காரமும் கவலையும்தான் அல்சரைக் கொண்டுவரும் என்று நம் வீடுகளில் இன்னும் பேச்சு ஓயவில்லை. பல இரைப்பைப் புண்களுக்கு இந்தக் கிருமியே காரணம் என்று காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005லேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார்கள். மார்ஷல் 1984இல் கிருமியைத் தானே குடித்துப் பார்த்த ஆசாமி.

சோதனை சுலபம். கார்பன்-13 அணு கொண்ட யூரியாவைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். கதிரியக்கம் கிடையாது, சாதாரண கார்பனை விட ஒரு நியூட்ரான் அதிகம், அவ்வளவுதான். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்கும். அப்போது பிறக்கும், கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும். குடிக்கும் முன் ஒரு தடவை, சுமார் அரை மணி நேரம் கழித்து ஒரு தடவை ஊத வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இயற்கையிலேயே கார்பனில் 1.1 சதவீதம் கார்பன்-13தான். அந்த விகிதம் ஆயிரத்தில் நான்கு பங்கு கூடினாலே கிருமி உண்டு என்று பொதுவாகக் கணக்கு. அதாவது 1.1 என்பது 1.104 ஆவதைப் பிடிக்க வேண்டும்! கனமான அணு சற்று மெதுவாக அதிர்வதால், அது உள்ள மூலக்கூறு கொஞ்சம் வேறு அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். லேசரை அந்த அலைநீளத்துக்குச் சரிசெய்தால் இரண்டு வகைக் கார்பனையும் பிரித்துவிடலாம். சரி, ஆனால் லேசரின் பிரகாசமே நிலையாக இருக்காதே, இவ்வளவு சின்ன வித்தியாசத்தை எப்படி நம்புவது?

இங்கேதான் எனக்குப் பிடித்த வித்தை வருகிறது. பிரகாசத்தை அளக்கவே வேண்டாம், நேரத்தை அளந்தால் போதும்.

99.99 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் இரண்டு கண்ணாடிகளை அரை மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைக்கிறார்கள். உள்ளே லேசரைச் செலுத்திச் சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். மாட்டிக்கொண்ட ஒளி முன்னும் பின்னும் ஓடுகிறது. ஒவ்வொரு மோதலிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இழப்பு. கணக்குப் போட்டால் சராசரியாக 5 கிலோமீட்டர் ஓட்டம், அரை மீட்டர் குழாய்க்குள்! இதற்கு ஆகும் நேரம் சுமார் 17 மைக்ரோ நொடி. கண்ணாடிக்குப் பின்னால் கசியும் ஒளி எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று ஓர் உணர்கருவி பார்க்கிறது. வெண்கல மணியை ஓங்கி அடித்தாலும் மெல்ல அடித்தாலும் ரீங்காரம் தேயும் வேகம் ஒன்றுதான். துணியைச் சுற்றினால்தான் சீக்கிரம் அடங்கும். இங்கே அந்தத் துணி, கண்ணாடிகளுக்கு நடுவே நிரப்பிய மூச்சில் உள்ள வாயு. லேசர் கொஞ்சம் மங்கலாக எரிந்தாலும் கணக்கு கெடாது.

பாதை இவ்வளவு நீளம் என்பதால், கார்பன் டை ஆக்சைடு லேசாக மட்டுமே உறிஞ்சும் 1.6 மைக்ரோமீட்டர் பகுதியே போதும். தொலைபேசி ஃபைபர்களுக்காக வளர்ந்த டயோடு லேசர் வகைகள் அங்கே வேலை செய்யும்.

இந்த உத்தி முதலில் கண்ணாடிகளின் தரம் பார்க்கத்தான் வந்தது. 1988இல் ஓ'கீஃப், டீக்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை வாயுக்களின் பக்கம் திருப்பினார்கள். 'இதனால் மக்களுக்கு என்ன பயன்?' என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதி விண்ணப்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கண்ணாடிக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். கொல்கத்தாவின் எஸ்.என். போஸ் தேசிய மையத்தில் மாணிக் பிரதான் குழு இதே வழியில் மூச்சை ஆராய்ந்து வருகிறது.

அப்புறம், கேட்ட வாசகருக்கு ஒன்று. அமிலம் குறைக்கும் மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ சாப்பிட்டால் சோதனைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முதலாவதை இரண்டு வாரமும் இரண்டாவதை நான்கு வாரமும் முன்னதாக நிறுத்தச் சொல்வது வழக்கம். இல்லையென்றால் கிருமி அடங்கிக் கிடக்கும், யூரியா உடையாது, இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.