அரபிக்கடலின் அடியில் காந்தப் பட்டைகள்

மணவாளக்குறிச்சியின் கருமணலைத் தெரியாதவர்கள் குமரி மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அந்த மணலுக்குள் விட்டு இழுத்தால், கரிய துகள்கள் அதன் விளிம்பில் குத்திட்டு ஒட்டிக்கொண்டு வரும். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமங்கள் அந்த மணலில் ஏராளம். அதே தனிமங்களால் ஆன இன்னொரு கனிமம் இங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 1,700 கி.மீ. தள்ளி, அரபிக்கடலின் அடியில் உள்ள எரிமலைப் பாறைக்குள் பொடிப்பொடியாகக் கலந்து கிடக்கிறது. கடலின் தரை விரிந்துகொண்டே போகிறது என்ற முடிவுக்கு அறிவியல் வந்து சேர்ந்ததில் அந்தப் பொடிக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த இடத்தின் பெயர் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய ‘டானா’ என்ற டென்மார்க் ஆய்வுக் கப்பல் அதைக் கண்டறிந்தது. பயணத்துக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையின் பெயரே மலைக்கும் நிலைத்தது. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் இந்தத் தொடரின் முதுகில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கிறது. பிளவின் இரு கரைகளும் ஆண்டுக்கு இரண்டரை செ.மீ. அளவில் விலகுகின்றன. விலகிய இடத்தைக் கீழிருந்து வரும் பாறைக்குழம்பு நிரப்பி இறுகி, புதிய கடல்தரை ஆகிறது.

குழம்பு மேலே வரும்போது அதன் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் எதுவும் காந்தமாக நிற்காது. பாறை ஆறி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே இறங்கியதும், அதிலுள்ள கனிமத் துகள்கள் அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில் காந்தமாகிவிடுகின்றன. டைட்டானியம் கலக்காத மாக்னடைட் என்ற இரும்புக் கனிமத்துக்கு அந்த எல்லை 580 டிகிரி. டைட்டானியம் கூடக்கூட எல்லை இறங்கும். கடலடிப் பாறைகளில் அது 200 டிகிரிக்குக் கீழேயும் போவதுண்டு. அப்படி ஒருமுறை பதிந்த திசையைப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் வைத்திருக்கும்.

பூமியின் காந்தப்புலமோ நிலையாக இருப்பதில்லை. வடக்கும் தெற்கும் இடம் மாறிவிடும். இன்றைய திசைக்கு நேர் எதிராகக் காந்தமேறிய எரிமலைப் பாறைகளைப் பிரான்சில் பெர்னார் புரூன் 1906-ல் கண்டார். ஜப்பானின் மொட்டோனோரி மத்துயாமா, அந்தத் திருப்பங்களுக்கும் பாறைகளின் வயதுக்கும் தொடர்பு இருப்பதை 1929-ல் காட்டினார். கடைசித் திருப்பம் நடந்து ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

1960-களின் தொடக்கத்தில் ஹாரி ஹெஸ், ராபர்ட் டீட்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் கடல்தரை விரிகிறது என்று எழுதினார்கள். அழகான கருத்துதான், ஆனால் கையில் ஆதாரம் இல்லை. அந்த ஆதாரத்துக்கு வழிகாட்டிய அளவீடுகள் நம் மேற்குக் கடலில் எடுக்கப்பட்டவை. 1962-ல், பல நாடுகள் சேர்ந்து நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வின் பகுதியாக, பிரிட்டிஷ் கப்பல் ‘ஓவன்’ கார்ல்ஸ்பெர்க் தொடரின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. அதில் இருந்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கடல் புவியியலாளர் டிரம்மண்ட் மாத்யூஸ்.

அவர்கள் பயன்படுத்திய புரோட்டான் காந்தமானியின் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு புட்டியில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ போதும். ஹைட்ரஜன் நிறைந்த திரவமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். புட்டியைச் சுற்றிக் கம்பிச்சுருள். சுருளில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனின் புரோட்டான்கள் அதன் திசைக்குத் திரும்பும். மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தியதும், அவை பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றிப் பம்பரம்போலத் தலைசாய்த்து ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் அதே சுருளில் மெல்லிய மின்சார அலையை உண்டாக்கும். புலம் வலுத்தால் ஆட்டம் வேகமாகும். காந்தப்புலத்தை அளக்கும் அலகான நானோடெஸ்லாவில் சொன்னால், நம் பகுதியின் புலம் ஏறத்தாழ 40,000. அதற்கு நொடிக்குச் சுமார் 1,700 ஆட்டம். ஒலிபெருக்கியில் கொடுத்தால் காதால் கேட்கக்கூடிய அலைவெண் அது. கப்பல் முழுக்க இரும்பு என்பதால், கருவியை நீண்ட வடத்தில் கட்டிக் கப்பலுக்கு வெகுதூரம் பின்னால் இழுத்துச் செல்வார்கள். கடலடிப் பாறை அந்த 40,000-த்தில் சில நூறு நானோடெஸ்லாவைக் கூட்டும் அல்லது குறைக்கும். தேடுவது அந்தச் சில நூறைத்தான்.

மாத்யூஸ் கொண்டுவந்த அளவீடுகளை அவருடைய ஆய்வு மாணவர் பிரெட் வைன் கணினியில் ஆராய்ந்தார். அந்தப் பரப்பில் எரிமலை வடிவில் இரண்டு கடலடிக் குன்றுகள் இருந்தன. ஒன்று இன்றைய புலத்தின் திசையில் காந்தமேறியிருந்தது. மற்றது நேர் எதிர்த் திசையில். அருகருகே உள்ள இரண்டு குன்றுகள் இப்படி இருக்க வேண்டுமானால், புலம் திரும்பிய காலங்களின் பதிவு அங்கே கிடக்கிறது என்பதே இயல்பான விளக்கம். அப்படியானால் பிளவில் பிறந்து இருபுறமும் நகரும் தரை முழுவதுமே நேர்த்திசை, எதிர்த்திசை என்று மாறிமாறிப் பட்டைகளாக இருக்க வேண்டும். 1963 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் இருவரும் இதை எழுதினார்கள். கனடாவின் லாரன்ஸ் மோர்லி தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய கட்டுரையை இரண்டு இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன.

இந்தக் கதையில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பாடநூல் படங்கள் பெரும்பாலும் அட்லாண்டிக்கை வைத்தே வரையப்படுவதால், இது நம் பிள்ளைகள் கண்ணில் படுவதில்லை. பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. மேலும் கீழும் சாயக்கூடிய காந்த ஊசியைத் திருவனந்தபுரத்தில் தொங்கவிட்டால் அது கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். களியக்காவிளைக்கு இப்பாலுள்ள நாமும் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், 1837-ல், சுவாதித் திருநாள் மகாராஜா அங்கே வானாய்வகம் அமைத்தார். பின்னர் அதன் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், 1855-ல் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வகம் கட்டிக் காந்த ஊசியின் அசைவுகளைப் பதிவு செய்தார். 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதற்கும் இந்தக் காந்த நடுக்கோடுதான் காரணம்.

கார்ல்ஸ்பெர்க் தொடரிலும் புலம் அப்படியே கிடையாகத்தான் இருக்கிறது. ஐஸ்லாந்து போன்ற வடபகுதிகளில் புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழ்நோக்கும். அங்கே இன்றைய திசையில் காந்தமேறிய பாறைக்கு மேலே கருவியை இழுத்தால், பாறையின் புலமும் பூமியின் புலமும் ஒரே திசையில் சேர்ந்து அளவு கூடும். இங்கேயோ பாறையின் வடமுனை வடக்கு ஓரத்திலும் தென்முனை தெற்கு ஓரத்திலும் அமைகிறது. பாறைக்கு மேலே உள்ள கடலில் அதன் புலம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பி வந்து, பூமியின் புலத்தோடு மோதுகிறது. அதனால் அளவு குறைகிறது. பிளவின் நடுவே, மிகப் புதிய பாறையின்மேல், காந்த அளவீட்டின் வரைபடம் மேலே ஏறாமல் பள்ளமாக இறங்குவது இதனால்தான். தொடர் சரியாகத் தெற்கு வடக்காக ஓடியிருந்தால் முனைகள் பட்டையின் கடைக்கோடிகளுக்குப் போய், பட்டைகள் கருவிக்கு அநேகமாகத் தெரிந்தே இருக்காது. சாய்வாக ஓடுவது ஆய்வாளர்களின் நல்ல காலம்.

1966 வரை பலர் நம்பவில்லை. தென் பசிபிக்கில் ‘எல்டானின்’ என்ற ஆய்வுக் கப்பல் எடுத்த ஒரு காந்த அளவீட்டு வரைபடத்தை நடுவில் மடித்தால் இரு பாதிகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் அளவுக்குச் சமச்சீராக இருந்தது. அதே காலத்தில் நிலத்து எரிமலைப் பாறைகளிலிருந்து காந்தத் திருப்பங்களின் கால அட்டவணையும் தெளிவானது. அதன்பின் எதிர்ப்பு விரைவிலேயே அடங்கியது.

அட்டவணை கைக்கு வந்ததும் பட்டையின் அகலமே வேகத்தைச் சொல்லிவிடும். கார்ல்ஸ்பெர்க்கின் நடுப்பட்டை சுமார் 20 கி.மீ. அகலம், அதை 7.8 லட்சம் ஆண்டுகளால் வகுத்தால் மேலே சொன்ன இரண்டரை செ.மீ. கிடைக்கும். அங்கிருந்து வடகிழக்கே, நம் பக்கமாக வரவர, தரையின் வயது கூடும். ஆறு கோடி ஆண்டுகள் ஆன பகுதியில் பட்டைகள் கால அளவுக்கு மிஞ்சி அகன்று கிடக்கின்றன. செஷல்ஸிலிருந்து பிரிந்த இந்தியா ஆண்டுக்கு 10 செ.மீ.க்கும் மேல் வடக்கே ஓடிய காலம் அது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கியபின் வேகம் வெகுவாகக் குறைந்தது, பட்டைகளும் ஒடுங்கின. இமயம் எழுந்த கதையின் ஒரு பாதி இப்படி நம் மேற்குக் கடலடியில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பழைய தரையின் பெரும்பகுதியைச் சிந்து நதி கொண்டுவந்து கொட்டிய வண்டல் மூடியிருக்கிறது. வண்டலுக்குக் காந்தத்தன்மை மிகக் குறைவு என்பதால், புட்டியில் ஆடும் புரோட்டான்கள் அதைத் தாண்டி அடியிலுள்ள பாறையை அறிந்துவிடுகின்றன.