பைலைத் தட்டிப் பார்த்தால் சுமை தெரியாது

போன வாரமும் அதே கேள்விதான். பைல் என்பது நிலத்தில் துளையிட்டுக் கான்கிரீட் நிரப்பி அமைக்கும் அடித்தளத் தூண். 18 மீட்டர் பைல் ஒன்றின் தலையில் மெழுகு வைத்து, அதிர்வை உணரும் சென்சாரை ஒட்டி, கைச்சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பொறியாளர், "சார், இது எத்தனை டன் தாங்கும்?" என்றார். இந்த மாதத்தில் இப்படிக் கேட்கும் மூன்றாவது கட்டுமான இடம்!

நான் தட்டுவது பைல் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க. தட்டும்போது எழும் அதிர்வலை கான்கிரீட்டில் நொடிக்குச் சுமார் 4,000 மீட்டர் ஓடும். 18 மீட்டர் இறங்கி, அடியில் எதிரொலித்து மேலே வர 9 மில்லி நொடி ஆகும். 4 மில்லி நொடியிலேயே எதிரொலி வந்தால், எட்டு மீட்டர் ஆழத்தில் பைல் ஒடுங்கியிருக்கலாம், மண் புகுந்திருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம். அவ்வளவுதான். சுமையைத் தாங்குவது பைலைச் சுற்றியுள்ள மண்ணின் உராய்வும் அடிநிலத்தின் உறுதியும். கைச்சுத்தியலின் தட்டு அவற்றைச் சோதிப்பதே இல்லை. துளையின் அடியில் சேறு தங்கியிருந்தாலும் என் திரையில் பைல் நன்றாகவே தெரியக்கூடும்; கட்டடம் ஏறிய பிறகு அது இறங்கும். சுமை தெரிய வேண்டுமா? ஜாக் வைத்து ஏற்றி, எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் சுமைச் சோதனையைச் செய்யுங்கள்.

என் சோதனையில் பைலின் நீளம் அரை மீட்டர் குறைகிறதே என்று ஒப்பந்ததாரரோடு சண்டைக்கும் போகாதீர்கள். அலைவேகம் நாங்கள் அனுமானித்து எடுப்பது. விட்டத்தைப்போல் முப்பது மடங்குக்கு மேல் நீளம் போனால் அடியின் எதிரொலியே தேய்ந்துவிடும். பெரிய பழுது ஒன்று இருந்தால் அதற்குக் கீழே இருப்பதும் தெரியாது.

கான்கிரீட் போட்டு ஏழு நாளாவது ஆகட்டும், அதற்குமுன் என்னைக் கூப்பிடாதீர்கள். தலையில் ஒதுங்கிய வலுவற்ற பகுதியை முழுவதும் உடைத்தெடுங்கள். நல்ல கான்கிரீட் சுத்தியலுக்கு 'டங்'கென்று பதில் சொல்லும். 'மொத்'தென்று கேட்டால் இன்னும் உடைக்க வேண்டும். எந்த ஆழத்துக்கு எவ்வளவு கான்கிரீட் போனது என்ற பதிவேட்டையும் எடுத்து வையுங்கள். அலைவடிவத்தில் ஐயம் வந்தால் நான் முதலில் கேட்பது அதைத்தான். பெரிய விட்டப் பைல் என்றால் குறுக்கு ஒலிச் சோதனைக்கான (ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒலி அனுப்பி இடையிலுள்ள கான்கிரீட்டைப் பார்ப்பது) குழாய்களைக் கம்பிக்கூட்டிலேயே கட்டி இறக்குங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு குழாய்க்கு இடமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அறிக்கையில் 'ஐயத்துக்குரியது' என்று எழுதினால் அந்த வரியை எடுக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பைலில் துளையிட்டு மாதிரி எடுத்துப் பாருங்கள், பைல் தலைகளின் மேல் போடும் கான்கிரீட் மூடியான பைல் கேப்புக்குக் கம்பி கட்டுவதற்கு முன்பே.