ஷான்ட்டி என்பது அம்பா

1954இல் டிஸ்னி வெளியிட்ட ‘கடலுக்கடியில் 20,000 லீக்’ திரைப்படத்தில், திமிங்கில வேட்டைக்காரர் நெட் லேண்டாக வரும் கிர்க் டக்ளஸ், கப்பலின் மேல்தளத்தில் கிதாரை மீட்டியபடி தம் கடற்சாகசங்களையும் காதல்களையும் அளந்து பாடுவார். இப்பாட்டை ‘ஷான்ட்டி’ (shanty) என்னும் ஆங்கிலச் சொல்லால் குறிப்போர் உண்டு. கடலோடி பாடுவதெல்லாம் ஷான்ட்டி என்ற எண்ணமே அதற்குக் காரணம். அச்சொல்லின் பொருள் அவ்வளவு அகன்றதன்று. பாய்மரக் கப்பலில் பலர் ஒரே நொடியில் விசை கொடுக்க வேண்டிய வேலைக்காகப் பாடப்படுவதே ஷான்ட்டி. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி.

பாய் ஏற்றும் கயிற்றைப் பிடித்து நிற்போருள் ஒருவர் முதலடியைத் தனியே பாடுவார். அதற்குள் மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடியை மாற்றுவார்கள். பின்பாட்டில் எல்லோரும் குரல் சேர்க்கையில், குறித்த ஓரிரு அசைகளில் மட்டும் கயிறு வெடுக்கென்று இழுபடும். நங்கூரச் சங்கிலியைச் சுற்றும் உருளையைத் தள்ளி நடக்கும் வேலைக்கோ நடையின் சீரான தாளம் போதும். 1956இல் வந்த ‘மோபி டிக்’ படத்தில் முன்பாட்டுக்காரராகத் தோன்றும் ஏ. எல். லாயிட், நாட்டார் பாடல்களைத் தொகுத்தவர். தாமே திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை செய்தவர். ஷான்ட்டியைக் கேட்டறிய விரும்புவோர் நாட வேண்டியது இந்தப் படத்தைத்தான்.

‘பாடு’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ‘ஷான்ட்டி’ என்ற சொல் வந்ததாகப் பெரும்பாலோர் கருதுகின்றனர். அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளைத் திருகுவிசையால் கப்பலுக்குள் நெருக்கி அடுக்கியவர்களின் பாட்டுத் தலைவருக்கு இதையொட்டிய பெயர் இருந்ததை 1850களின் பதிவு காட்டுகிறது. அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்களின் வேலைப்பாட்டுகளுக்கும் இம்மரபில் பெரும்பங்கு உண்டு.

‘ஷான்ட்டி’ என்ற ஒலிபெயர்ப்பைத் தமிழில் அப்படியே வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடிசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே ஒலியுடையது; நம் ‘சந்தை’யிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட ‘ஷாண்டி’யும் அருகிலேயே நிற்கிறது. ‘மாலுமிப் பாடல்’ என்றால் பாடுபவர் தெரிகிறாரே தவிர வேலை தெரிவதில்லை. ‘ஏலேலோ’ என்று பாடும் ‘ஏலப்பாட்டு’ நல்ல சொல்தான்; இன்றைய வாசகருக்கு அது ஏலக்கடையை நினைவூட்டிவிடும்.

நம் கரையோரங்களில் வழங்கும் ‘அம்பா’ என்ற சொல்லே மிகப் பொருத்தமானது என்பேன். தமிழகத்திலும் ஈழத்திலும் கரைவலை இழுக்கும் மீனவர்கள், ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ, ஐலசா’ என்று வாங்கிப் பாடியபடி வலிக்கும் பாட்டுக்கு அம்பா என்றே பெயர். உழைப்பு, முன்பாட்டு, பின்பாட்டு என்னும் மூன்றும் அச்சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. முன்பாடுபவரை ‘அம்பாக்காரர்’ எனலாம்.

நெட் லேண்டின் பாட்டு வேலை ஓய்ந்த நேரத்துக்குரியது. அவ்வகைப் பாட்டைக் கப்பலாட்கள், தாங்கள் கூடி அமரும் முன்தளக் கட்டுத்தூண்களின் பெயரால் ‘ஃபோர்பிட்டர்’ என்று பிரித்தே அழைத்தனர். அதற்குக் ‘கடலோடிப் பாட்டு’ என்பது போதும்.